காவப்பாறையில் ஒரு ஜோடி செருப்பு

திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மாவு மில் மாடியில் இருக்கும் அழகம்மாளின் அறைக்கு முனீஸ்வரி வந்து சேர்ந்தபோது, காலை பத்து மணிக்கே விளக்கைப் போட வேண்டியிருந்தது. மார்கழியில் ஒரு வாரமாக வெயில் முகம் காட்டவில்லை. கடலில் ஏதோ தாழ்வு மண்டலமாம். மதுரைக்காரர்களுக்குப் பழக்கமில்லாத குளிரும் ஓயாத தூறலுமாக இருந்தது. எதிரே நிற்கும் குன்றமே பாதிக்கு மேல் மேகத்துக்குள் போய்விட்டிருந்தது.

அழகம்மாள் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். பெயர்தான் பெரிது, வருகிற வேலையெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, வேறெங்காவது தொடுப்பு உண்டா என்கிற கல்யாண விசாரணைதான். அவருக்கு உதவி, காலமான கணவரின் தம்பி பேச்சிமுத்து. வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஐம்பதை நெருங்கியும் ஆர்வம் குறையாதவர். எந்த வழக்கு வந்தாலும் அது கொலையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மதினி அதை ஒவ்வொரு முறையும் பொய்யாக்கி வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

முனீஸ்வரி ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தாள். முப்பது வயது இருக்கும். பல நாள் தூங்காத முகம்.

"எங்க வீட்டுக்காரரு தானா விழுந்து செத்தாரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அவள் கணவன் ஜெயபாண்டிக்குப் பேரையூரில் போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து எடுத்துப் பிழைப்பு நடந்தது. மனசு மட்டும் மேற்கே தெரிகிற மலைமேல் இருந்தது. ஊருக்கு வெளியே காவப்பாறை என்று ஒரு மொட்டைக் குன்று. அதன் உச்சியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்தெல்லாம் போட்டோகிராபர்கள் அங்கே வருவார்கள். ஜெயபாண்டி ஜோடி இல்லாமலே போவான். மார்கழியில், விடியும் முன்னால் பனி வயல்மேல் படிந்து கிடக்க, மலைமுடி மட்டும் வெளியே தெரியும் நேரத்துக்காகக் காத்துக் கிடப்பான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், அவன் செத்த அன்று, மகளுக்குக் காய்ச்சல். போக வேண்டாம் என்று முனீஸ்வரி சொல்லியிருக்கிறாள். இன்றைக்குப் பனி நன்றாக இறங்கும், விட்டால் அடுத்த வருஷம்தான் என்று அவன் கேமராப் பையை மாட்டினான். இவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"'பேசாம அந்த மலையவே கல்யாணம் கட்டிக்கிட்டு அங்கயே சாவுங்க'ன்னுட்டேம்மா. பக்கத்து வீட்டுல கேட்டாக் கேவலம்னு கதவச் சாத்திட்டு, மெல்லத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை பேசல. போனக்கூட எடுக்காமப் போயிட்டாரு."

மத்தியானம் ஆடு மேய்க்கிறவர்கள் பாறைக்கு அடியில் உடலைப் பார்த்தார்கள். உச்சியில் கேமரா ஸ்டாண்டில் அப்படியே நின்றது. பாறை விளிம்பில் அவன் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. கிணற்றில் குதிக்கிறவர்கள் கழற்றி வைப்பார்களே, அதே மாதிரி. போலீஸ் தற்கொலை என்று எழுதிப் பொருட்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஊர்க்காரர்கள் அதைவிடத் தீர்மானமாக இருந்தார்கள். பாறைக்கு ஏறும் வழியில், பாதியில், கருப்பசாமியின் அரிவாள் நட்டிருக்கிறது. அதைத் தாண்டி யாரும் செருப்புக் காலோடு போக மாட்டார்கள். கழற்றி அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். ஜெயபாண்டியின் செருப்போ உச்சியில் கிடந்தது. சாமிக்கே பயப்படாமல் ஏறியிருக்கிறான் என்றால் சாகத் துணிந்துதான் ஏறியிருக்கிறான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

இழவு வீட்டில் மாமியார் தங்கப்பொண்ணு அத்தனை பேர் முன்னாலும் முனீஸ்வரியின் தலைமுடியைப் பிடித்துவிட்டார். மலையைக் கட்டிக்கிட்டுச் சாவு என்று சொல்லி என் மகனை அனுப்பினவள்தானே நீ என்று கேட்டார். மகள் தாமரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து பிள்ளை அப்பாவின் ஊரில், தங்கப்பொண்ணிடம் இருக்கிறது. கூப்பிடப் போனால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

"அவ என்னப் பாக்குற பார்வை இருக்கே..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"நீ சொன்ன அந்தப் பேச்சப் போலீசுக்குச் சொன்னியா தாயி?"

"யாருகிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டத்தான் மொதத் தடவையா வாயத் தெறக்கேன்."

அழகம்மாள் பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் செருப்பு. திருப்பிப் பார்த்தார். அடியில் காய்ந்த கரிசல் அப்பியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அடுத்து கேமரா. அதன் பக்கவாட்டு மூடியைத் திறந்து பேச்சிமுத்துவிடம் காட்டினார். மெமரி கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பையின் உள்ளறையில் மட்டும் புதுக் கார்டுகள் இரண்டு உறை பிரிக்காமல் கிடந்தன.

"மறந்திருப்பாரு மதினி" என்றார் பேச்சிமுத்து.

"இருக்கும்" என்று அழகம்மாள் சொல்லிவிட்டு, சம்பவ இடத்துப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முனீஸ்வரி தன் போனை நீட்டினாள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதை, இன்னும் நாலு பேர் அவளுக்கே அனுப்பியிருந்தார்கள். மனிதர்களுக்கு எதை யாருக்கு அனுப்புவது என்று ஒரு விவஸ்தையே இல்லாமல் போய்விட்டது. படத்தில் விளிம்பில் செருப்பு தெரிந்தது. அதற்கு வெகு பின்னால், பாறையின் நடுவில், ஸ்டாண்டில் கேமரா. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நின்றார். கேமரா அவர் நெஞ்சு மட்டத்தில் இருந்தது.

"ஒங்க வீட்டுக்காரரு உயரமா?"

"நெலை தட்டும்மா. குனிஞ்சுதான் வீட்டுக்குள்ள வருவாரு."

மறுநாள் காலை மூவரும் காவப்பாறைக்குப் போனார்கள். வழிகாட்ட ஜெயபாண்டியின் கூட்டாளி கருத்தக்கண்ணன் வந்தான். ஸ்டுடியோவில் வீடியோ எடுப்பவன், பால்ய சிநேகிதன். ஜெயபாண்டி தோளுக்குக்கூட எட்டாத குட்டை ஆள். இருவரும் சேர்ந்து நடந்தால் ஊரே கேலி பேசுமாம். முனீஸ்வரியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான். கண் கலங்கித்தான் பேசினான்.

"அன்னைக்கி நான் வரல. குளிருன்னு இழுத்துப் போத்திப் படுத்துட்டேன். போயிருந்தா மாப்ளையச் சாக விட்டிருப்பேனா?" என்றான்.

கரிசல் காட்டு வரப்பில் நடந்து, கருப்பசாமியின் அரிவாளுக்கு முன்னால் நின்றார்கள். கருத்தக்கண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மற்றவர்களும் கழற்றினார்கள். அதற்கு மேலே பாதை முழுக்கச் செம்மண். பாறையிலிருந்து நீர் கசிந்து, ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து காயவே காயாத சேறு. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோர் பாதமும் கணுக்கால் வரை சிவந்திருந்தது. அழகம்மாள் தன் பாதத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

உச்சியில் பனி இன்னும் கலையவில்லை. மலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எந்தச் சத்தமும் இல்லை. முனீஸ்வரி விளிம்புப் பக்கம் போகவே இல்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அழகம்மாள் போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நின்றார். பிறகு விளிம்புக்குப் போய் நின்றார். மறுபடியும் நடுவுக்கு வந்தார். பேச்சிமுத்துவை விளிம்புக்குச் சற்று இந்தப் பக்கம் நிற்கச் சொல்லிப் பார்த்தார். பாறையில் பாசி வழுக்குகிறது மதினி என்று அவர் புலம்பினார்.

இறங்கும்போது பேச்சிமுத்துவுக்குக் கொலைகாரன் கிடைத்துவிட்டான். மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரி நடக்கிறது. அது மலையைக் குடைந்திருக்கும் கோலத்தை ஜெயபாண்டி படமெடுத்துப் பரப்பியிருக்கிறான். குவாரி மேலாளர் ஸ்டுடியோவுக்கே வந்து, ஒரு நாளைக்கு அந்தப் பாறையிலிருந்து உருட்டிவிடுவேன் என்று மிரட்டியதைக் கருத்தக்கண்ணனே சொன்னான். அந்த ஆள் வெளியூர், பூட்ஸ் காலோடு கருப்பசாமியைத் தாண்டி ஏறுகிறவர் என்று ஊரில் ஏற்கெனவே கசப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பேச்சிமுத்து கேட்டார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு வேணும் கொழுந்தனாரே. தங்கப்பொண்ணு அக்காவப் பாக்கணும். எல்லாரும் வாங்க, கண்ணா நீயும் வாப்பா" என்றார் அழகம்மாள்.

தங்கப்பொண்ணு முனீஸ்வரியை வாசலோடு நிறுத்தப் பார்த்தார். அழகம்மாள் விடவில்லை. உங்கள் மகன் எப்படிச் செத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் துரத்துங்கள் என்றார். முன்னறையில் ஜெயபாண்டியின் மாலை போட்ட படத்துக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அழகம்மாள் பையிலிருந்து செருப்பை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"அக்கா, இது ஒங்க மகன் செருப்பு. அடியில கரிசல் மட்டுந்தான் இருக்கு. கருப்பசாமிக்கு மேல செம்மண் சேறு. நாங்க இன்னைக்கி ஏறுனோம், கணுக்கால் வரைக்கும் செவந்து போச்சு. இந்தச் செருப்பு அந்தச் சேத்துல நடக்கவே இல்ல."

பேச்சிமுத்து குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"ஒங்க மகன் எப்பவும்போல அரிவாளுக்குக் கீழயே செருப்ப விட்டுட்டு வெறுங்காலோடதான் ஏறியிருக்காரு. அவரு செத்தப்புறம் யாரோ அத மேல கொண்டுபோய் வச்சிருக்காங்க."

"அந்தக் குவாரிக்காரன்" என்றார் பேச்சிமுத்து.

அழகம்மாள் அவசரப்படவில்லை. மலையைப் படமெடுக்கப் போனவன் ஸ்டாண்டை எங்கே வைப்பான் என்று கேட்டார். விளிம்பில் வைப்பான். ஆனால் கேமரா பாறை நடுவில் நின்றது. அங்கிருந்து எடுத்தால் படத்தில் பாதி வெறும் பாறைதான் விழும். அந்த வெறும் பாறையில் ஓர் ஆள் நின்றால்தான் அந்த இடத்துக்கு அர்த்தம். அதாவது அன்று அவன் படம் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றுகொண்டிருந்தான். எடுத்தது வேறொருவர். கேமரா கான்ஸ்டபிள் நெஞ்சு மட்டத்துக்கு இறக்கியிருந்தது. நிலை தட்டுகிற ஆளுடைய கண் மட்டம் அதுவல்ல.

"தானா எடுக்குற மாதிரி வச்சிருக்கலாமே மதினி?"

"வச்சிருக்கலாம். அப்ப கார்டு எங்க? செத்தவரு எந்திரிச்சு வந்து உருவிக்கிட்டுப் போனாரா?" என்றார் அழகம்மாள். "மிரட்டுன ஆளுக்கு முன்னால யாரும் சிரிச்சிக்கிட்டுப் படத்துக்கு நிக்க மாட்டாங்க. கூட இருந்தது வேண்டிய ஆளு."

பிறகு தங்கப்பொண்ணு பக்கம் திரும்பினார்.

"அக்கா, இவ மலையக் கட்டிக்கிட்டுச் சாவுன்னு சொன்னான்னீங்களே, அத ஒங்களுக்கு யாரு சொன்னா?"

தங்கப்பொண்ணு யோசிக்கக்கூட இல்லை. "கண்ணந்தான் சொன்னான். பொணத்தத் தூக்கிட்டு வந்தப்பவே எங்கிட்ட அழுதான்" என்றார்.

அறையில் எல்லோரும் கருத்தக்கண்ணனைப் பார்த்தார்கள். முனீஸ்வரி மட்டும் கொஞ்சம் தாமதமாகத்தான் தலையைத் தூக்கினாள். குற்றம் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்ததில், தான் சாத்திய கதவுக்குப் பின்னால் சொன்னது எப்படி மாமியார் காதுக்குப் போனது என்று அவள் இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை அப்போது காய்ச்சலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் போனை எடுத்துப் போகவில்லை. வீட்டிலிருந்து கிளம்பியவன் சாவதற்குள் ஒருவனை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறான்.

"நீ போத்திப் படுத்திருக்கல கண்ணா" என்றார் அழகம்மாள். குரல் உயரவே இல்லை. "செருப்ப மேல கண்டா ஊரு என்ன நெனைக்கும்னு ஒனக்குத் தெரியும். குவாரிக்காரனுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணுல தப்புப் பண்ணிட்ட. அதக் கால்ல மாட்டிக்கிட்டு ஏறியிருந்தா செம்மண் ஒட்டியிருக்கும், நானும் தற்கொலைன்னு நம்பிட்டுப் போயிருப்பேன். ஒன்னால முடியல. அந்த நேரத்துலயும் சாமியச் செருப்புக் காலோட தாண்டப் பயந்து, கையில தூக்கிட்டுப் போயிருக்க."

கருத்தக்கண்ணன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தான் தள்ளவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னான், திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று காலை ஜெயபாண்டி வந்து கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறான். போகிற வழியெல்லாம் பெண்டாட்டி சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம். சூரியன் வந்து மலை சிவந்தது. பனி கீழே பால் மாதிரி நின்றது. மலைப் படம் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, ஜெயபாண்டிக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது.

"'நாம எத்தன ஜோடிய இங்க நிக்க வச்சு எடுத்திருக்கோம், மாப்ள. இன்னைக்கி என்னைய மலையோட ஜோடியா எடு. பொண்ணு தோள்ல கை போட்ட மாதிரி மலை மேல கை போட்டு நிக்கேன். கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு அவகிட்டக் காட்டுறேன். கோவமெல்லாம் பறந்துரும்'னான்."

அந்த மாதிரிப் படம் எடுப்பவர்களுக்கு அதன் சங்கடம் தெரியும். தூரத்து மலையும் பக்கத்து ஆளும் ஒட்டி நிற்கிற மாதிரித் தெரிய வேண்டும். எடுக்கிறவன் கேமராவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் போ என்று நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நிற்கிறவன் காலைப் பார்க்க முடியாது. கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

"ஒண்ணு நல்லா விழுந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். கை இன்னும் சரியா மலை மேல உக்காரலன்னு... நாந்தான், 'இன்னும் ஒரு எட்டு பின்னால போ மாப்ள'ன்னேன். போனான். நான் உள்ள பாத்துக்கிட்டே இருக்கேன். அப்புறம் பாத்தா மலை மட்டுந்தான் இருந்துச்சு."

கீழே இறங்கி ஓடிப் பார்த்தபோது உயிர் இல்லை என்றான். இருந்தது இரண்டே பேர். யார் நம்புவார்கள், தள்ளிவிட்டான் என்றுதானே சொல்வார்கள் என்று பயம் வந்துவிட்டது. அரிவாளுக்குக் கீழே ஜெயபாண்டியின் செருப்பு கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினான்.

"பயந்த, சரி. பயம் யாருக்கும் வரும்" என்றார் அழகம்மாள். இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நீ சொன்ன வார்த்தைய மறைக்கிறதுக்கு, இந்தப் பொண்ணு சொன்ன வார்த்தைய ஏன் எடுத்துக் குடுத்த? தங்கச்சின்னு கூப்பிட்ட வாயி. பெத்த பிள்ள அவளப் பாத்து ஒளியுது. இம்புட்டு நாளும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, காகிதத்தில் மடித்த சின்னக் கார்டை எடுத்துத் தரையில் வைத்தான். தூக்கிப் போட மனசு வரவில்லை என்றான். பேச்சிமுத்து அதைக் கேமராவில் போட்டார். கொலை இல்லை என்று தெரிந்ததில் அவர் முகத்தில் எந்த ஏமாற்றமும் இல்லை.

பின்னால் மலை இளஞ்சிவப்பாக நின்றது. பனிக்கு மேலே, வெறுங்காலோடு, ஜெயபாண்டி ஒரு கையை நீட்டி மலைமுடியின் தோளில் போட்டிருந்தான். புது மாப்பிள்ளைகள் விறைத்துக்கொண்டு நிற்பார்களே, அதைக் கிண்டல் செய்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தியிருந்தான். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயெல்லாம் பல்.

தங்கப்பொண்ணு பார்த்துவிட்டு, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். முனீஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் சொன்னதுனாலதான் அங்க போயி நின்னாரு" என்றாள் கடைசியில்.

பொய் சொல்லித் தேற்றலாம் என்று ஒரு கணம் அழகம்மாளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. "ஒன்னச் சிரிக்க வைக்க நின்னாரு தாயி. சாக நிக்கல. நீ எங்கிட்டக் கேட்டதுக்கு அதான் பதிலு. அதுக்கு மேல நீ என்ன நெனைக்கிறியோ, அத என்னால தடுக்க முடியாது" என்றார்.

பேச்சிமுத்து கருத்தக்கண்ணனைப் பேரையூர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய், நடந்ததை அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் தங்கப்பொண்ணு பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேத்தியைக் கூட்டிவந்திருந்தார். பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்து, மருமகள் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு அது வராது. கார் கிளம்பும்போது மட்டும், குளிருக்குப் பிள்ளைக்குத் தலையில் துண்டைக் கட்டு என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தாமரை அம்மாவை விட்டுத் தள்ளி, கதவோரம் உட்கார்ந்திருந்தாள். கேமரா அவள் மடியில் இருந்தது. பேரையூர் வரும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அப்பா யாரப் பாத்துச் சிரிக்கிறாரு?" என்று கேட்டாள்.

முன் இருக்கையில் அழகம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. முனீஸ்வரி மகள் மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"என்னையத்தான்" என்றாள். சொன்ன பிறகுதான், புருஷன் செத்த நாளிலிருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நகர்ந்து வந்து, அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டது.